ஒரு மணித்தியாலம் முந்திய பாங்கு

கெல்சென்கிர்ச்சனில் அந்த ஹைமில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலவறைச் சுவரில் ஒட்டியிருந்த நோன்பு நேரக் கடதாசியை எழுதியது நான்தான். என் வாப்பா எழுதியது என்றே நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது உங்களுக்கும் மூக்குக் கண்ணாடி வந்திருக்கும், படி ஏறினால் முழங்கால் முறைப்பாடு சொல்லும். இந்த வயதிலும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹைம் என்றால் அகதிகள் விடுதி. நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் ஒரு காலத்தில் தங்கிய மூன்று மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு குசினி, ஒரு குளியலறை, குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறையில் வாப்பா, உம்மா, நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டேன். கட்டிலில் இருந்து ஜன்னலுக்கும் ஜன்னலில் இருந்து கதவுக்கும் நடந்தபடியே இருப்பேன். அந்த ஹைமில் பெரியவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். கடிதம் வருமா, விசாரணைக்கு Termin, அதாவது தவணை, வருமா, திருப்பி அனுப்புவார்களா என்று எல்லாரும் நடைபாதையில் போய்ப் போய் வந்தார்கள்.

அதற்கு முன் நாங்கள் இருந்தது வளைகுடாக் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில். ஊர் மன்னார் என்றாலும் எனக்கு நினைவு தெரிந்தது அங்கேதான். துறைமுகத்தை ஒட்டி ஒரு பள்ளிவாசல். வாப்பா அதன் காவலாளி. கூட்டுவார், பாய் விரிப்பார், வாசலில் இருந்த குளிர்த்தண்ணீர்ப் பெட்டியை நிரப்புவார். பள்ளிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதற்கு எகிப்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தொண்டையில் நோய் வந்ததும் பாங்கு வாப்பாவிடம் வந்தது. இரண்டு நோன்பு காலம் முழுக்க வாப்பாதான் சொன்னார். கரைக்குத் திரும்பும் வள்ளம்வரை அவருடைய குரல் கேட்கும் என்று மீனவர்கள் சொல்வார்கள். உம்மா அதைக் கேட்காதவர் போல மீன் கழுவிக்கொண்டிருப்பார், ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஊரில் நேரம் பார்க்க யாருக்கும் கைக்கடிகாரம் தேவைப்படவில்லை. பின்நேர அஸர் தொழுகைக்கு வலை பின்னுகிறவர்கள் எழுந்தால் கடைக்காரர்கள் கதவைப் பாதிக்கு இழுத்துவிடுவார்கள். சூரியன் மறையும்போது வரும் மஃரிபுக்கு முன் பூனைகள் எல்லாம் மீன் சந்தைப் பக்கம் போய்விடும். சூரியன் மணல்வெளிக்குள் இறங்குவதைப் பள்ளி வாசலில் நின்றே பார்க்கலாம்.

பள்ளிக்குள் மரப்பலகை ஒன்று தொங்கியது. அதில் ஆறு மணிக்கூட்டு முகங்கள் இருக்கும். ஒன்றும் ஓடாது. ஐந்து தொழுகைக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குமான நேரத்துக்கு முள்ளைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். அந்த வேலையை வாப்பா எனக்குத் தந்திருந்தார். ஸ்டூலில் ஏறி, அவர் சொல்லச் சொல்ல முள்ளைத் தள்ளுவேன். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. பலகை இப்போது எங்கே கிடக்கிறதோ. பித்தளை முள்ளின் குளிர் மட்டும் விரல் நுனியில் இருக்கிறது. எனக்கு வந்த கர்வம் அங்கே வந்ததுதான். தொழுகை நேரம் எப்படி நகரும் என்று உலகத்திலேயே எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அங்கேயும் சண்டை வந்தது, திரும்பிப் போகலாம் என்றால் மன்னாரிலும் சண்டை. ஓடினோம். கார்த்திகை மாதம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தபோது சூரியனே இல்லை. நாலரை மணிக்கு இருட்டிவிடும். பாங்கும் இல்லை. முதல் கிழமை வாப்பா அடிக்கடி ஜன்னலடியில் போய் நிற்பார். என்ன வாப்பா என்று கேட்டால், "ஒண்டுமில்லை மகள், நேரம் விளங்குதில்லை" என்பார். அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மொழி இல்லை. பகல் முழுவதும் கட்டிலின் ஓரத்தில் இருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். ஏன் இந்த மனிதர் எழுந்து எதையாவது செய்யக் கூடாது என்று நினைத்தேன். செய்ய விடவில்லை என்பது பத்து வயதில் எனக்கு உறைக்கவில்லை.

நோன்பு மாதம் பங்குனி நடுவில் தொடங்கியது. துணி தோய்க்கும் நிலவறையின் பின்பாதியைத் தொழுகைக்குப் பாவிக்க ஹைம் பொறுப்பாளர் விட்டார். அதற்கு ஜன்னல் கிடையாது. ஈரத் துணி மணம், சவர்க்கார மணம், சுவருக்கு அப்பால் மெஷின் உருளும் சத்தம். சுவரில் பெரிய வெள்ளை மணிக்கூடு. லெபனான் பெரியவர் ஒருவர் தொழுகை நடத்த முன்வந்தார். பாங்கு யார் சொல்வது என்று கேட்டபோது வாப்பா கை தூக்கினார். அவர் எதற்காவது கை தூக்கி நான் பார்த்தது அதுதான் முதல்தரம். தனக்குத் தெரிந்த வளைகுடா அரபியில், அந்த ஊரில் தான் சொன்ன பாங்கைப் பற்றிச் சொன்னார். பெரியவர், "அப்படியென்றால் இது உன்னுடையது" என்றார்.

அடுத்த நாள் வாப்பா சவரம் செய்துகொண்டார். உம்மா சட்டையை ஸ்திரி போட்டுத் தந்தார். நிலவறைக்கு இறங்கும்போது அவர் நடையே வேறாக இருந்தது. மற்றவர்களுடைய நோன்பு பாங்கு சொல்கிறவன் கையில் இருக்கிறது என்று ஒரு நாளைக்கு மூன்று தரமாவது சொன்னார். "பிழைச்சா அவ்வளவு பேருக்கும் நான் பதில் சொல்ல வேணும், விளங்குதோ?" விளங்குது என்று தலையாட்டினேன்.

தெருமுனைத் துருக்கிக் கடைக்காரர் ஒரு நேரக் கலண்டர் தந்தார். உள்ளங்கை அளவு. எழுத்து எறும்பு மாதிரி. வாப்பாவின் கண்ணுக்கு எட்டாது. ஆகவே பெரிய கடதாசியில் அதைப் பிரதி பண்ணும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்து நீல மையில், கோடு அடித்து, முப்பது நாளையும் எழுதினேன். பாதி வரை சரியாகப் போனது. ஒரு சனிக்கிழமைக்கு நோன்பு துறக்கும் மஃரிப் பதினெட்டு ஐம்பத்தெட்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பார்த்தால் இருபது மணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் இரண்டு நிமிடமா? ஆறு முகப் பலகையைத் திருப்பியவளிடமே கதை விடுகிறார்களா? மேற்கொண்டு பார்த்தால் அந்த ஞாயிறு தொடங்கி எல்லாத் தொழுகைக்கும் அதே குளறுபடி. இருந்தாலும் ஒருவரிடம் கேட்டுவிடுவோம் என்று இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அங்கே யாழ்ப்பாணத்துக் கணக்கு மாஸ்டர் இருந்தார். கோயிலுக்குப் போகாத நாளிலும் திருநீறு பூசியிருப்பார். ஹைமில் யாருக்கு என்ன கணக்கு வேண்டுமானாலும் அவரிடம்தான் போவார்கள்.

அவர் கலண்டரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, சூரியன் ஒரு நாளிலை ஒரு மணித்தியாலம் பிந்துமே? பூமி என்ன, நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டே சுத்துது? இது அச்சுப்பிழை. நீ ஒவ்வொரு மணித்தியாலம் குறைச்சு எழுது."

எழுதினேன். மிச்சமிருந்த எல்லா நாளுக்கும். ஞாயிறு மஃரிப் பத்தொன்பது மணி. வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிழையைத் திருத்தினேன் என்று பிறகு ஒரு நல்ல நேரத்தில் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இந்த நாட்டில் வருஷத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் திருப்புவார்கள், கலண்டர்காரர் அதையும் சேர்த்துத்தான் அச்சடித்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. இரண்டு பேரும் வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நோன்பு பிடித்திருந்தேன். வயது காணாது, வேண்டாம் என்று உம்மா சொல்லியும் கேட்கவில்லை. ஜெர்மனியில் என் முதல் முழு நோன்பு. காலையில் இருந்து நிலைகொள்ளவில்லை. படியில் ஏறினேன், இறங்கினேன். குசினியில் உம்மா கஞ்சி காய்ச்சினார். பக்கத்து அறை மன்னார் அக்கா தேங்காய்ப்பால் டின்னை உடைத்துக் கொடுத்தார். அக்கா கத்தோலிக்கர். அன்று அவர்களுக்கு உயிர்ப்புப் பெருநாள். காலைப் பூசையில் தந்த கேக்கை என் கண்ணில் படாமல் எடுத்து வைத்தார். அந்த வாசத்தில் எனக்குத் தலை சுற்றியது.

ஐந்து மணிக்கு, அஸர் தொழுகைக்குப் பிறகு, ஹைம் பொறுப்பாளர் நிலவறைக்கு வந்தார். ஸ்டூலில் ஏறி வெள்ளை மணிக்கூட்டின் முள்ளை ஆறுக்குத் தள்ளினார். இன்றைக்கு எல்லாரும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைக்க வேண்டும், காலையே செய்திருக்க வேண்டியது, தான் மறந்துவிட்டதாகச் சொன்னார். ஜெர்மன் தெரிந்தவள் நான்தானே, நான்தான் மொழிபெயர்த்தேன். "எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேணுமாம்!" வாப்பாவும் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். நோன்புக்காரர் சிலர் சிரித்தார்கள். ஒரு மணித்தியாலப் பசி சும்மா போனதென்றால் யாருக்குக் கசக்கும்? எனக்கு ஓடிப்போய் அந்தப் பொறுப்பாளரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சுவரில் என் கடதாசி தொங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கிண்ணம் அடுக்குவது என் வேலை. அன்று முப்பத்தொரு கிண்ணம், வாப்பாவினதும் என்னுடையதும் சேர்த்து. பக்கத்தில் ஒவ்வொரு பேரீச்சம்பழம். நேற்று ஆறு ஐம்பத்தெட்டு, இன்று ஏழு மணி என்பது எல்லார் மனதிலும் இயல்பாகவே இருந்தது. வாப்பா கடதாசியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கையைக் காதில் வைத்தார்.

எவ்வளவு நல்ல பாங்கு அது. மெஷின் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. லெபனான் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் முதல் வார்த்தையிலேயே பழத்தை வாய்க்குள் தள்ளி, கொட்டையோடு கடித்துப் பல்லை நோகப்பண்ணிக்கொண்டேன்.

கஞ்சி குடித்து, தொழுது முடித்து, எல்லாரும் ஆறுதலாக இருந்தபோது படியில் மன்னார் அக்கா இறங்கி வந்தார். பிள்ளைகளுக்காகச் சாயம் பூசிய முட்டைகளை ஒரு கூடையில் வைத்திருந்தார்.

"என்ன எல்லாரும் இந்தப் புழுக்கத்துக்குள்ளை இருக்கிறியள்? வெளியிலை வந்து பாருங்கோ, என்ன மாதிரி வெயில்!"

லெபனான் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எழுந்தார். எல்லாரும் படியேறினோம். முற்றம் முழுக்க வெயில். கொடியில் காய்ந்த துணிகளின் நிழல் சுவர்வரை நீண்டு கிடந்தது. குளிர்காலம் முழுவதும் வராத சூரியன் அன்றைக்கென்று பார்த்து, எதிர்க் கட்டடத்துப் புகைபோக்கிக்கு மேலே உட்கார்ந்திருந்தது. என் வாயில் இன்னும் பேரீச்சம்பழத்தின் இனிப்பு. துப்ப வேண்டும் போல இருந்தது, எங்கே துப்புவதென்று தெரியவில்லை.

வாப்பா மட்டும் திரும்பக் கீழே போனார். நான் பின்னால் போனேன். அவர் கடதாசியைச் சுவரில் இருந்து கிழியாமல் கழற்றினார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். பிறகு மேலே வந்து பெரியவர் முன்னால் நின்று அரபியில் சொன்னார். அந்தளவு அரபி எனக்கும் விளங்கும். "பிழை என் கண்ணுடையது. நான்தான் நேரத்தைப் பிழையாகப் பார்த்தேன்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவரிலிருந்து நாலு அடி தூரத்தில் நின்றேன். முப்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் சத்தம் போடவில்லை. எல்லாரும் இந்த ஒரு நோன்பைப் பிறகு ஒரு நாள் கழாச் செய்ய, அதாவது ஈடாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும், நாளையில் இருந்து பாங்கை இன்னொருவர் சொல்லட்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் வாப்பாவும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். பொறுப்பாக நடந்த ஒரு மனிதரிடம் இருந்து பொறுப்பைப் பறித்ததை அவர் கடைசிவரை அறியவில்லை. கடைக்காரர் பிழையான கலண்டர் தந்துவிட்டார் என்றும் ஒரு கதை கிளம்பியது. அதையும் நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் கணக்கு மாஸ்டர் நிலவறை வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். வாப்பாவோடு ஏதோ பேசினார். "விடுங்கோ மாஸ்டர்" என்று வாப்பா சொன்னது மட்டும் கேட்டது. துணி தோய்ப்பது யார் முறை என்ற பேச்சு என்று நினைத்து நான் போய்விட்டேன்.

வாப்பா பிறகு பாங்கு சொல்லவே இல்லை. கடைசி வரிசையில், மெஷின் பக்கச் சுவரோடு நின்று தொழுதார். நோன்புப் பெருநாள் வந்து போனது. ஆனால் அவர் நோன்பை விடவில்லை. கிழமைக்கு ஒன்று, சில கிழமை இரண்டு. வைகாசி, ஆனி என்று பகல் நீண்டுகொண்டே போனது. இந்த நாட்டுக் கோடையில் சூரியன் பத்து மணிவரை போகாது என்பது உங்களுக்குத் தெரியும். உம்மா சண்டை பிடித்தார். "பதினெட்டு மணித்தியாலம் பச்சைத் தண்ணியும் இல்லாம! ஒரு நோன்புதானே பிழைச்சது, அதை வச்சு முடிச்சிட்டியள் எல்லே? இதென்ன பிடிவாதம்?" வாப்பா கால்வாய்க் கரைக்குப் போய் நின்று சூரியன் போகும்வரை பார்த்துவிட்டு வருவார். நாங்கள் சாப்பிடும்போது அவர் மேசையில் இல்லாததை நான் வேறு மாதிரி விளங்கிக்கொண்டேன். என்னோடு இருந்து சாப்பிட அவருக்கு விருப்பமில்லை, என்மேல் கோபம் என்று. பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பதின்ம வயதில் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசாததற்கும் அதுதான் காரணம். அவர் பாவம், பிள்ளை ஜெர்மன் பிள்ளையாகப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

நோன்பு மாதம் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். அப்படி ஒரு பங்குனிக் கடைசி திரும்ப வந்தது. மணிக்கூட்டைத் திருப்பும் ஞாயிறும் உயிர்ப்புப் பெருநாளும் மறுபடியும் ஒன்றாக நோன்புக்குள் விழுந்தன. உம்மா இப்போது இல்லை. வாப்பா ஹனோவரில் எங்களோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுவதால் நோன்பு பிடிக்க டாக்டர் விடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் ஜன்னலடியில் போய் நிற்பார். என் செல்பேசியில் பாங்கு ஒலித்தாலும் அவர் சூரியனைப் பார்க்காமல் எங்களைச் சாப்பிட விடமாட்டார். கிழவருக்கு மெஷினில் நம்பிக்கை இல்லை என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அந்த ஞாயிறு பின்நேரம் மன்னார் அக்கா கெல்சென்கிர்ச்சனில் இருந்து தொலைபேசி எடுத்தார். வாப்பாவுக்கும் கேட்கட்டும் என்று நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அண்ணை, எங்கடை பெருநாளும் உங்கடை நோன்பும் திரும்ப ஒண்டா வந்திருக்கு. அந்த முட்டைக் கூடை ஞாபகம் இருக்கே? பாவி மனுசன், அந்தத் துருக்கிக் கடைக்காரன், பிழையான கலண்டரைத் தந்து உங்களைக் கெடுத்துப்போட்டான். நான் அண்டையிலை இருந்து அவன்ரை கடைக்குப் போறேல்லை."

முப்பத்து மூன்று வருஷமாக ஒரு கடைக்கு ஒரு மனுஷி போகவில்லை. அக்காவிடம் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

"வாப்பா, கலண்டர் சரியாத்தான் இருந்தது. நான்தான் மாத்தி எழுதினனான்."

அவர் ஜன்னலில் இருந்து திரும்பவில்லை.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"மாஸ்டர் அடுத்த நாளே வந்து சொன்னவர். அந்தாள் அழுதது."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீ ஓம் எண்டிருப்பாய். கேக்காம நீயா வந்து சொல்ல வேணும் எண்டு பாத்தன். ஆக்களுக்குச் சொல்லவும் மனம் வரேல்லை. பத்து வயசுப் பிள்ளை. அத்தனை பேரும் உன்னைப் பாக்கிற பார்வையை நீ தாங்கமாட்டாய். நான் தாங்குவன் எண்டு நினைச்சன்."

தாங்கினாரா என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பாங்கு சொல்லாமலே ஒரு வாழ்க்கை போயிருக்கிறது. நான் அழத் தொடங்கிவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, அந்தக் கோடை முழுக்க என்னோடு கோபித்துத்தானே சாப்பிடாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் அப்போதுதான் திரும்பினார். உண்மையிலேயே திகைத்துப்போயிருந்தார்.

"கோபமோ? ஆர் சொன்னது? அண்டைக்கு எத்தினை கிண்ணம் வச்சனீ?"

"முப்பத்தொண்டு."

"அவ்வளவு பேற்றை நோன்பும் என்ரை கையிலை பிழைச்சது. அவையள் தங்கடையைத் திருப்பி வச்சினமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என்ரை மனத்துக்கு நான் வச்சன். ஒருத்தருக்கு ஒண்டா, முப்பது."

"முப்பத்தொண்டெல்லே?"

"உன்ரையை நான் வைக்கேல்லை" என்றார் வாப்பா. "அது உன்ரை. நீ சொல்லிப்போட்டு வைப்பாய் எண்டு விட்டனான்."

அந்த நோன்பு மாதம் முடிந்து, பெருநாள் கழித்து மூன்றாம் நாள் நான் அந்த ஒரு நோன்பைப் பிடித்தேன். வீட்டில் அன்று நோன்பு நான் ஒருத்திதான். பிள்ளைகள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள், நான் வேலைக்குப் போய்வந்தேன். காலையில் மன்னார் அக்காவுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப நான் நாளைக்கு அந்தக் கடைக்குப் போக வேணும்" என்றார். கடைக்காரர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ.

மாலையில் மேசையில் ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு பேரீச்சம்பழமும் வைத்தேன். பத்து வயதில் போலவே கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். வாப்பா ஜன்னலைத் திறக்கச் சொன்னார். டிராம் பாதைக்கு அப்பால் சூரியன் கூரைகளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. செல்பேசி பாங்கைத் தொடங்கியது.

"அதை நிப்பாட்டு" என்றார்.

நிப்பாட்டினேன். அவர் இன்னும் இரண்டு நிமிடம் வெளியே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையைக் காதில் வைத்தார். குரல் பழைய குரல் இல்லை. இரண்டாவது அடியில் உடைந்தது, நின்று மூச்செடுத்துக்கொண்டு தொடர்ந்தார். கீழே டிராமுக்குக் காத்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். பழம் என் கையில் இருந்தது. முதல் வார்த்தையிலேயே நோன்பு துறந்துவிடலாம், அதுதான் வழக்கம். நான் அவர் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் வாயில் வைத்தேன்.